படக்கதைப் புத்தகங்களும் நம் படிப்பும்

(வெள்ளி விழாவை ஒட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நமக்கு முன் பேசியவர்கள் பட்டப்படிப்பைப் பற்றியும் பதவிகளைப் பற்றியும் அரிய கருத்துக்களை எடுத்துரைத்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. இளமையில் நாம் படித்த, பாடுபட்டுச் சேர்த்து வைத்த படக்கதைப் புத்தகங்களைப் பற்றியது. வெள்ளி விழாவில் பேசத்தக்க பொருள்தானா இது என்று சிலர் எண்ணக்கூடும். எழுத்தறியாப் பெற்றோர்க்குப் பிறந்த ஒரு பிள்ளை, எவரும் ஏவாமல், தேர்வுக்கும் அஞ்சாமல், தானே விரும்பிக் கையில் எடுத்த முதல் புத்தகம் எது? நம்மில் பலர்க்கு அது படக்கதைதான். ஆகவே அதைப் பற்றிப் பேசுவது நம் கல்வியைப் பற்றிப் பேசுவதேயாகும்.

எங்கள் தலைமுறையினர் பள்ளிக்குச் சென்றது 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும். 1947இல் தொடங்கப்பட்ட அம்புலிமாமா அப்போது மாதந்தோறும் வந்துகொண்டிருந்தது. 1972 முதல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. இரும்புக்கை மாயாவியை நமக்கு அறிமுகப்படுத்தியது அதுவே. பிறகு 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸும் தோன்றின. ராணி காமிக்ஸின் விலை ஒன்றரை ரூபாய். இன்று அது ஒரு தொகையே அன்று. அன்றோ, நம் தாய்மார்கள் பகல் முழுதும் களையெடுத்துப் பெற்ற கூலியில் அது ஒரு பெரும் பங்கு.

எனவே தனியொரு சிறுவன் புத்தகம் வாங்குவது இயலாத செயல். ஆறேழு பேர் ஒன்று கூடினோம். ஆனி, ஆடி மாதங்களில் வேப்பங்கொட்டை பொறுக்கி விற்றோம். நிலக்கடலை பிடுங்கிய கொல்லைகளில் மண்ணைக் கிளறி, விடுபட்ட காய்களைச் சேர்த்து விற்றோம். ஐந்து காசும் பத்துக் காசுமாகச் சேர்ந்ததும், ஊருக்குள் இருந்த கடைக்கு ஒருவனை அனுப்புவோம்.

அந்தக் கடையில் புத்தகங்களைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் அவற்றை எடுத்துப் புரட்டிப் பார்த்து, பிடித்ததை வாங்கிச் சென்றனர். எங்களுக்கு அந்த உரிமை இல்லை. எட்ட நின்று அட்டைப்படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். காசைப் பலகையின் மேல் வைத்தால், புத்தகம் பலகையின் மேல் வந்து விழும். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955லேயே வந்துவிட்டது. ஆயினும் அந்தப் பலகைக்கு அச்சட்டம் எட்டவில்லை. ஊர் நடுவே நூலகமும் இருந்தது. உள்ளே செல்லலாம் என்று சட்டம் சொல்லிற்று, தெரு சொல்லவில்லை. இவற்றையெல்லாம் கடந்தே ஒவ்வொரு புத்தகமும் நம் சேரிக்கு வந்து சேர்ந்தது என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

வந்த புத்தகத்தைக் காப்பதும் எளிதன்று. கூரை வீட்டில் மழை ஒழுகும். தரையில் வைத்தால் கரையான் அரிக்கும். ஆதலால் சேரியில் இருந்த ஓட்டு வீடொன்றில், ஒரு பழைய தகரப் பெட்டியில் வேப்பிலை பரப்பி அடுக்கி வைத்தோம். அட்டை கிழிந்தவற்றைக் கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்தோம். செய்தித்தாளால் உறையிட்டு எண் குறித்தோம். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்று எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தோம். காசு தர இயலாதவர்க்கும் புத்தகம் உண்டு. அவர் மாலையில் மற்றவர்க்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பதே விதி. நம் சேரியின் முதல் நூலகம் அந்தத் தகரப் பெட்டிதான் எனலாம்.

மாலை வேளையில் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து ஒருவர் படிக்க, பலர் கேட்பர். எழுத்தறியாப் பாட்டிமார்களும் படத்தைப் பார்த்துக் கதையைத் தொடர்ந்தனர். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண் பிள்ளைகள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று கேட்டனர். நாளடைவில் அவர்களும் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிக்கலாயினர். லண்டன் எங்கே, நியூயார்க் எங்கே என்று பள்ளி நிலப்படத்தில் நாங்கள் தேடிப் பார்த்ததும் இக்கதைகளால்தான்.

இரும்புக்கை மாயாவி உடலில் மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துவிடுவான். அவனுடைய இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். அன்று அது வியப்பாக இருந்தது. சற்றே வளர்ந்த பின் அதன் பொருள் வேறாகத் தோன்றிற்று. ஊராரின் கண்ணுக்கு நாமும் அப்படித்தானே இருந்தோம்? நாற்று நட, அறுவடை செய்ய, பிணம் சுமக்க நம் கைகள் தெரிந்தன. கைக்கு உரிய மனிதன் தெரியவில்லை.

இளைஞர்களே! படக்கதையைப் போற்றுவதால் அதில் உள்ள யாவற்றையும் ஏற்கிறோம் என்று கொள்ளற்க. மந்திரவாதி மாண்ட்ரேக்கின் கதை 1934இல் அமெரிக்காவில் தோன்றியது. அவனுடைய துணைவன் லொதார் ஓர் ஆப்பிரிக்க இளவரசன். ஆயினும் தொடக்கக் கால ஓவியங்களில் சிறுத்தைத் தோல் அணிந்து, கொச்சை மொழி பேசி, வெள்ளையனுக்கு ஏவல் செய்பவனாகவே அவன் காட்டப்பட்டான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடிய 1960களில்தான் அவனுடைய உடையும் பேச்சும் மாறத் தொடங்கின. அதே ஆசிரியர் 1936இல் படைத்த முகமூடி வீரன், காட்டு மக்கள் அஞ்சி வணங்கும் வெள்ளையனே. நம் நாட்டுக் கதைகளில் மட்டும் என்ன கண்டோம்? அரசன், அமைச்சன், புரோகிதன், வணிகன் ஆகியோர் நிறைந்திருந்தனர். உழுதவனும் தோல் பதனிட்டவனும் படத்தின் ஓரத்தில்கூட அரிதாகவே தோன்றினர். சுமை தூக்குகிறவன் யார், அவனுக்குப் பெயர் உண்டா, அவன் பேசுகிறானா என்று கேட்டுப் படிப்பதே நமக்கு ஏற்ற படிப்பாகும்.

இந்தக் குறை தானே நீங்கவில்லை, நீக்கப்பட்டது. அமர் சித்திரக் கதை வரிசையில் அண்ணல் அம்பேத்கரின் வரலாறு 1979இல் வெளிவந்தது. அது எங்கள் தகரப் பெட்டிக்கு வந்து சேரவில்லை. 2011இல் பீமாயணம் என்னும் படக்கதை நூல் வெளிவந்தது. கோண்டு பழங்குடி மரபைச் சேர்ந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் இருவர் அதற்கு ஓவியம் தீட்டினர். 1901இல் சிறுவன் பீமன் தந்தையைக் காணச் சென்ற பயணமும் அதில் உண்டு. இரட்டைக் கூலி பெற்ற வண்டிக்காரன் சிறுவர்களோடு அமர மறுத்தான். சிறுவர்கள் இரவு முழுதும் குடிநீரின்றித் தவித்தனர். அந்தத் தாகத்தைப் படத்தில் காணும் நம் பிள்ளை, இது என் தாத்தாவின் கதை என்று சொல்லும். அச்சிறுவனே பிற்காலத்தில் பம்பாய் தாதரில் தம் நூல்களுக்கு இடம் வேண்டி ராஜகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டினார். புத்தகம் சேர்ப்பது வீண் வேலை என்பாருக்கு அவ்வில்லமே மறுமொழி.

குறைந்த விலையில் அச்சிட்டு மக்களிடம் சேர்ப்பதும் நமக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்றே பெயர். ஏழையின் கைக்கு எட்ட வேண்டும் என்னும் எண்ணம் அப்பெயரிலேயே விளங்குகிறது.

பள்ளிகளில் பல்லாண்டு பணியாற்றிக் கண்ட உண்மை ஒன்றைக் கூறுவோம். எட்டாம் வகுப்பில் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்க இயலாத பிள்ளைகள் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு அறிவு குறைவு அன்று. பாடநூலைத் தவிர வேறு நூல் அவர்கள் கையில் இருந்ததில்லை. படிக்கத் தடுமாறும் பிள்ளை வெட்கப்படுகிறது. வெட்கம் முற்றினால் பள்ளியை விட்டு நிற்கிறது. அப்பிள்ளைக்கு முதலில் ஒரு படக்கதையைக் கொடுங்கள். படம் கைப்பிடித்து அழைத்துச் செல்ல, எழுத்து தானே வரும்.

எனவே கழகத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, மாலைப் படிப்பகங்கள் ஒவ்வொன்றிலும் படக்கதைகளுக்கென ஓர் அலமாரி வைக்க வேண்டும். அதற்குப் பூட்டு வேண்டா. இரண்டு, வாரத்தில் ஒரு நாள் மூத்த மாணவர் இளையவர்க்கும் தாய்மார்க்கும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். மூன்று, நம் பெரியோர்கள் பட்டதையும் எதிர்த்து நின்றதையும் அவர்கள் வாயாலேயே கேட்டு, வரையத் தெரிந்த நம் பிள்ளைகள் படக்கதையாக்க வேண்டும்; அதைக் கழகம் அச்சிட வேண்டும்.

அந்த அலமாரியிலிருந்து நம் பிள்ளை எந்தப் புத்தகத்தையும் தன் கையாலேயே எடுத்து, புரட்டிப் பார்த்து, பிடித்ததைத் தேர்ந்துகொள்ளட்டும். இவ்வுரிமை உறுதியாயின், மற்றப் படிப்புகளை அப்பிள்ளை தானே தேடிக்கொள்ளும். 

ஜெய் பீம்!