நூற்றி நாலு கவுளி

மோகனூரில் ஆற்றிய நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அவரை இந்த ஊரில் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. பெரிய வாத்தியார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் படித்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இந்த அறக்கட்டளையை நிறுவினார்கள். நானும் அவரிடம் படித்தவன்தான். பாடம் பாதியில் இருக்கும்போது சாக்பீஸை ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டு, அவனுடைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். "இனி நீ சொல்லு கண்ணு, நான் கேட்டுக்கறேன்" என்பார். அன்று அது விளையாட்டாகத்தான் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தச் சாக்பீஸைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். வகுப்பில் பாதி நேரிலும், பாதி செல்போனிலும் திரையிலும் நடந்தாலும், அந்தச் சாக்பீஸ் யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களைப் பூட்டினோம். பதினைந்து நாள், ஒரு மாதம் என்றுதான் நினைத்தோம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகள் நிலையாகத் திறக்க 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. சிறு வகுப்புப் பிள்ளைகள் நவம்பர் 1ஆம் தேதிதான் வந்தார்கள். இடையில் அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2019லேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் வகுப்புவாரியாகப் பாடம் வந்தது. பாடநூலில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வந்தது. எங்களைப் போன்ற வாத்தியார்கள் வாட்ஸ்அப் குழு தொடங்கினோம்.

என் ஏழாம் வகுப்புக் குழுவில் 38 பேர். முதல் ஆறு வாரம் தினமும் ஒரு வீடியோ அனுப்பினேன். நல்ல வீடியோக்கள்தான், பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. காலையில் "வணக்கம் சார்" வரும், கும்பிடும் கை வரும், நீல டிக் விழும். அதோடு சரி. ஒரு கேள்வி வரவில்லை, ஒரு சந்தேகம் வரவில்லை. புரிந்ததா என்று கேட்டால் 38 பேருக்கும் புரிந்திருந்தது. ஒரு வகுப்பில் அத்தனை பேருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது என்றால் அங்கே யாரும் படிக்கவில்லை என்று பொருள். இது எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் தெரியும்.

ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். பாதிப் பேர் வீட்டில் ஒரே ஒரு போன்தான் இருந்தது. அதுவும் அப்பாவோடு லாரியில் நாக்பூர் போயிருக்கும். வண்டி திரும்பினால்தான் வீட்டுக்குப் போன் வரும். அண்ணன் இருக்கும் வீட்டில் போன் முதலில் அண்ணனுக்கு, மிச்ச நேரம் தங்கச்சிக்கு. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருப்பது 2018இல் 36.5 சதவீதமாக இருந்து 2020இல் 61.8 சதவீதமாக உயர்ந்ததாக அசர் (ASER) கல்வி ஆய்வறிக்கை சொன்னது. நாடு முழுவதற்குமான கணக்கு அது. வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளை கையில் அது இருப்பது வேறு என்பதை அந்தத் தெருக்களில் நடந்துதான் தெரிந்துகொண்டேன்.

அதனால் காலை பத்து மணிக்கு எல்லோரும் போனில் வர வேண்டும் என்ற நேரலை வகுப்பை விட்டுவிட்டேன். ஒரு கணக்கை மட்டும் அனுப்புவேன். போன் கைக்கு வரும்போது, இரவு பதினொரு மணியானாலும், எப்படிப் போட்டாய் என்று வாய்மொழியாகப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அத்தனையையும் நான் கேட்பேன். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் பேசுவேன்.

இப்படித் தொடங்கிய இரண்டாவது வாரம் ஒரு கணக்கு கொடுத்தேன். ஒரு சுமை வெற்றிலை 6,000 ரூபாய் என்றால் ஒரு கவுளி என்ன விலை? நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளாக இருக்கட்டும் என்று நானே எழுதியது. சுமைக்கு நூறு கவுளி என்று வைத்துக்கொண்டேன். விடை 60 ரூபாய். முப்பதுக்கு மேல் பதில் வந்தது, எல்லாரும் 60 என்றார்கள். இரவு ஒன்பதரைக்கு ஒரு பெண்ணின் குரல் வந்தது. அவளுடைய அம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவர்.

"சார், சுமைக்கு நூறு இல்லைங்க, நூத்தி நாலு கவுளிங்க. நூறுன்னு போட்டா அம்மா சிரிக்கறாங்க சார். ஆறாயிரத்த நூத்தி நாலால வகுத்தா மிச்சம் வருதுங்க. ஐயாயிரத்து இருநூறுன்னு வெச்சீங்கன்னா சரியா அம்பது ரூபா வருங்க சார்."

அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டேன். கவுளிக்கு நூறு வெற்றிலை, சுமைக்கு நூற்றி நாலு கவுளி என்பது பரமத்தி வேலூர் சந்தைக்குப் போகும் யாருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கு அது தெரியாமல் போயிருந்தது. என்னைத் தொட்டது அதற்கு அடுத்து அவள் செய்த காரியம். கணக்கில் பிழை என்று சொன்னதோடு அவள் நிற்கவில்லை. மீதி வராத ஒரு விலையைத் தேடிக் கண்டுபிடித்து, கணக்கைத் திருத்தி எனக்கே அனுப்பியிருக்கிறாள். 104ஐ ஐம்பதால் பெருக்கிப் பார்க்காமல் 5,200 என்ற எண் வந்திருக்காது. வகுத்தலைப் பின்னாலிருந்து புரிந்துகொண்டவர்தான் வகுத்தல் கணக்கை உருவாக்க முடியும். நான் அனுப்பிய முப்பது வீடியோவிலும் இது இல்லை.

மறுநாள் அந்தப் பதிவைக் குழுவில் போட்டேன். "இனி கணக்கு நீங்கள் கொடுங்கள், நான் போடுகிறேன்" என்றேன். லாரிக்காரர் மகன் டீசல் கணக்கு கொடுத்தான். கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை, டிரேக்கு 30 முட்டை வீதம் ஏற்றி, வழியில் உடைந்ததைக் கழிக்கச் சொன்னான். ஒரு பையன் கேட்டது கணக்கே இல்லை. "ஒரு டன் கரும்பு அரைச்சா நூறு கிலோ சர்க்கரைன்னு எங்க தாத்தா சொல்றாருங்க. மீதி தொள்ளாயிரம் கிலோ எங்கீங்க சார் போச்சு?" மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் இந்தச் சாலையில்தான் வரிசை கட்டும். தினமும் பார்த்தும் நான் கேட்காத கேள்வி அது. சக்கை, மொலாசஸ், ஆவியாகிப் போகும் தண்ணீர் என்று அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அறிவியல் ஆசிரியர் இரண்டு வாரம் பாடம் நடத்தினார்.

இதை நான் கண்டுபிடித்ததாக யாரும் எண்ண வேண்டாம். இது நம் திண்ணையில் இருந்த பழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்தான், பிள்ளைகள் முப்பது நாற்பது பேர். முன்னே படித்தவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டும். மூத்தவன் சட்டாம்பிள்ளை. எழுத்தை மணலில் விரலால் எழுதிப் பழக வேண்டும். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். பெல் 1797இல் இதைப் புத்தகமாக லண்டனில் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் பள்ளிகளில் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் மதராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இருக்கிறது. திண்ணையில் பிரம்படியும் இருந்தது, சாதி பார்த்துச் சேர்த்ததும் இருந்தது. அவற்றை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எட்டு வயதுப் பிள்ளையை நம்பி ஒரு வகுப்பை ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை இந்த மண்ணிலிருந்துதான் அங்கே போனது.

அதே நம்பிக்கை நம் காலத்தில் இன்னொரு முறை வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பின்பற்றி மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது மாநிலம் முழுவதும் முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது. ஆசிரியரின் நாற்காலி போய்ப் பாய் வந்தது. பிள்ளை தானே தட்டிலிருந்து அட்டையை எடுக்கும். ஏணிப்படி அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தானே பார்த்துக்கொள்ளும். காலையில் வந்ததும் தன் வருகையைத் தானே பதியும். எனக்கு மிகவும் பிடித்தது சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குப் பூசிய கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம், மேலே அதன் பெயர். விடுமுறை முடிந்து வந்த ஒரு சிறுமி, தன் கட்டத்தில் வேறு யாரோ கிறுக்கிவிட்டதைப் பார்த்து, பாவாடை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கியதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அந்த ஒன்றரை அடிச் சுவர் அவளுக்குச் சொந்தம். அந்த முறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, புதியவை நேரத்துக்கு வரவில்லை, ஆசிரியர்கள் பலர் மனம் ஒப்பாமல் செய்தார்கள். என்றாலும் அந்தக் கரும்பலகையை நாம் கைவிட்டிருக்கக் கூடாது.

இன்று பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது, ஹைடெக் லேப் வந்திருக்கிறது, மணற்கேணி என்று செயலி வந்திருக்கிறது. எல்லாம் வரவேற்க வேண்டியவை. ஆனால் ஸ்மார்ட் போர்டு எந்த உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியரின் கைக்குத்தான் எட்டும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எக்கினாலும் எட்டாது. திரையில் வருவதைப் பார்க்க மட்டும்தான் அதனால் முடியும். மணற்கேணி என்ற பெயர் திருக்குறளிலிருந்து எடுத்தது. தோண்டத் தோண்ட மணலில் நீர் ஊறுவதுபோல், கற்கக் கற்க அறிவு ஊறும் என்கிறது அந்தக் குறள். நம் காவிரி மணலில் ஊற்றுத் தோண்டியவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அடுத்தவர் தோண்டியதை வேடிக்கை பார்த்து யாருக்கும் தண்ணீர் ஊறியதில்லை.

நம் மாவட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக மாநிலம் முழுவதிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட மாவட்டம் நாமக்கல். விடியற்காலை தொடங்கி இரவு வரை ஸ்டடி, டெஸ்ட், மறுபடி டெஸ்ட். அப்படி வளர்ந்த நல்ல பிள்ளைகள் சிலர் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே தடுமாறியதை நான் அறிவேன். அடுத்து என்ன படிப்பது என்று அதுவரை அவர்களை யாரும் கேட்டதில்லை. ஆன்லைன் வகுப்பு அவர்களை இன்னும் அதிகமாகக் கைவிட்டது, ஏனென்றால் அங்கே பிரம்பும் இல்லை, வார்டனும் இல்லை. தானாகப் படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளையைத் திரை படிக்க வைக்காது. கேமராவை ஆன் செய் என்று கட்டாயப்படுத்திய கல்லூரிகளையும் பார்த்தோம். ஒற்றை அறை வீட்டில், பின்னால் பாட்டி படுத்திருக்க, எந்தப் பிள்ளை முகம் காட்டும்? முகம் தெரிந்தால் கவனம் இருக்கிறது என்று எண்ணுவது தவறு. அந்தப் பிள்ளை எழுதியதை, பேசியதை, கேட்டதை வைத்துத்தான் அது வகுப்பில் இருக்கிறதா என்று சொல்ல முடியும்.

பூட்டிய பள்ளிகள் எவ்வளவு இழப்பைத் தந்தன என்பதற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே ஓர் ஆய்வு நடந்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவர் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். மொழியில் இழப்பு அதில் ஏறத்தாழப் பாதிதான். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. நிரம்பியதில் ஏறத்தாழக் கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அந்தக் கால் பங்கை நான் பெரிதாக மதிக்கிறேன். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த திட்டம் அது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் தம் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். அவர்களிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. சின்னக் கூட்டம், வீட்டுக்குப் பக்கத்துத் திண்ணை, பிள்ளையின் பெயரும் வீடும் தெரிந்த ஓர் அக்கா. "அக்கா, நான் சொல்றேன்" என்று முட்டி மோதும் குரல்களை மாலையில் நடந்துபோகும்போது கேட்டிருக்கிறேன். ஒன்றரை வருடமாக மியூட்டில் கிடந்த குரல்கள் அவை.

ஆசிரியர்களுக்கு அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். வீடியோ நீளமாக வேண்டாம், பத்து நிமிடம் போதும். மீதி நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அது பேசி அனுப்பட்டும், கணக்கு உருவாக்கட்டும், தம்பிக்குச் சொல்லிக்கொடுத்து அதைப் பதிவு செய்யட்டும். அனுப்பியதற்குப் பதில் வர வேண்டும், பெயர் சொல்லி வர வேண்டும். 38 பதிவைக் கேட்க எனக்குத் தினமும் இரவில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அது சுமைதான். அதை விட்டுவிட்டுக் கட்டைவிரல் படம் போட்டால் மூன்றே நாளில் பதிவு வருவது நின்றுவிடும். நான் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தபோதே பாதியாகக் குறைந்தது. பெற்றோருக்கும் ஒரு சொல். அண்ணனுக்குக் கொடுத்த பிறகு மிச்சமிருந்தால் தங்கச்சிக்கு என்ற பழக்கத்தை விடுங்கள். நாளில் ஒரு மணி நேரம் போன் அவளுக்கென்று இருக்கட்டும்.

கடைசியாக, அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பெரிய வாத்தியார் பெயரில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு தருகிறீர்கள். அது தொடரட்டும். அதோடு இந்த ஆண்டு முதல் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தாமே உருவாக்கிய கணக்குகளையும் கேள்விகளையும் திரட்டி, அவர்கள் பெயரோடு ஒரு சிறு நூலாக அச்சிடுங்கள். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அதிலிருந்து கணக்குப் போடட்டும். அச்சுச் செலவில் பாதியை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். முதல் கணக்கு தயாராக இருக்கிறது: ஒரு சுமை வெற்றிலை 5,200 ரூபாய், சுமைக்கு நூற்றி நாலு கவுளி.