பெண்மகவும் ஊர்வாய்ப் பேச்சும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தீய வழக்கங்களை மாற்றுதற்கு உபாயம் யாது என்பது பற்றிச் சில வார்த்தை பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். இவ்விஷயத்தைப் பொதுவாகப் பேசிவிட்டு அமர்ந்துவிடலாம். எனினும் நம் வீட்டு வாயிலிலிருந்தே தொடங்குவது நலமென எண்ணுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் நிகழ்ந்த பெண்சிசுக் கொலையைப் பற்றி 1986ஆம் ஆண்டில் ஆங்கிலப் பத்திரிகையொன்று எழுதியபோது, அஃது அடுத்த தாலூகாவின் சங்கதியென்று கம்பத்திலும் போடியிலும் இருந்த நாம் வாளாவிருந்தோம். 2001ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கு நம் வாயை அடைத்தது. இயற்கையாகப் பிறப்பது 1,000 ஆண்மகவுக்கு ஏறக்குறைய 950 பெண்மகவு. தேனி மாவட்டத்தில் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளில் 1,000 ஆணுக்கு இருந்த பெண்கள் 891 பேரே. தமிழ்நாடு முழுமைக்கும் அவ்வாண்டு 942. நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் பள்ளத்தாக்கில், பெண்மகவு மட்டும் விளையாமற் போனதென்ன?

சட்டம் இல்லாமற் போகவில்லை. கொலைக்குத் தண்டனை என்றும் உண்டு. 1989இல் தமிழ்நாட்டில் மகளிர்க்குக் குடும்பச் சொத்தில் சம பங்கு கிடைத்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. பெண்மகவை வேண்டாதார் ஒப்படைத்துச் செல்ல, 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் மாவட்டத்திற்கும் வந்தது. தொட்டில் உயிரைக் காக்கும், மெய்தான். ஆனால் தாய் தன் மகவைத் தொட்டிலில் இடும்படி செய்த எண்ணத்தை அது தொடாது.

அவ்வெண்ணம் எங்கே குடியிருக்கிறது? பெற்றவள் நெஞ்சிலன்று, ‘நாலு பேர் என்ன சொல்லுவார்கள்’ என்னும் வாக்கியத்தில் குடியிருக்கிறது. சீர் குறைந்தால் சம்பந்தி நகைப்பார் என்று ஒருவர் நகையைக் கூட்டுகிறார். அதைக் கண்டு அடுத்தவர் கூட்டுகிறார். தனித்தனியே கேட்டால் இருவரும் இச்செலவை வெறுப்பவரே. ஆயினும் மற்றவர் வெறுக்கிறார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஐ ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தபோது, திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்தார்கள். அங்கே பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். ஒருத்தி தனியே சைக்கிளேறினால் தெருவே பரிகசிக்கும். நூறு பேர் சேர்ந்தேறினால் பரிகசிப்பவன் தனியனாகிறான். சைக்கிள் நல்லதென்று எவரும் நீண்ட உபந்நியாசம் செய்யவேண்டியிருக்கவில்லை. பார்த்தவர் பழகினர்.

அவ்வம்மையாரே பின்னர் சுகாதாரத்துறையில் இருந்தபொழுது, 1998ஐ ஒட்டித் தருமபுரி மாவட்டத்தில் பெண்சிசுக் கொலைக்கு எதிராகக் கலைப்பயணம் நடைபெற்றது. டேனிஷ் அரசாங்கத்தின் உதவி பெற்ற சுகாதாரத் திட்டம் அது. உள்ளூர் ஆண்களும் பெண்களுமே பாட்டும் கூத்துமாகக் கிராமந்தோறும் சென்றார்கள். சுவரொட்டி பேசினால் அது சர்க்கார் குரல். ஊரார் நடித்தால் ஊரே தன் முகத்தைப் பார்க்கிறது. மருமகளை மிரட்டும் மாமியும் அக்கூட்டத்தில் தரையிலமர்ந்து பார்ப்பாள் அல்லவா? அவளைக் குற்றவாளிக் கூண்டிலேற்றியிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

பேச்சின் வலிமை நன்மைக்கு மட்டுமே உரியதன்று. ‘இப்பொழுது ஐந்நூறு ரூபாய் செலவிட்டால் பின்னால் பெருந்தொகை மிச்சம்’ என்ற பொருள்பட, கருவைச் சோதிப்போர் வட இந்திய நகரங்களில் 1980களில் விளம்பரம் செய்தனர். ஒரு வரிதான், எத்தனை சிசுக்களைத் தின்றதோ!

நிற்க. நம் மகாசபைகளில் நாம் செய்வதென்ன? ‘அந்தோ! நம்மவரெல்லாம் வரதட்சிணை வாங்குகின்றனரே!’ என்று மேடையில் ஏறிப் புலம்புகிறோம். கேட்கும் இளைஞன் என்ன அறிகிறான்? எல்லாரும் வாங்குகின்றனர் என்பதை அறிகிறான், தானும் வாங்குகிறான். நானும் பல ஆண்டு அவ்வாறே புலம்பி, என்னையறியாமல் வரதட்சிணைக்கு விளம்பரம் செய்தவன். வாங்காமல் மணந்தவர் நம்முள் இல்லையா? உளர். அவர்தம் பெயரை மேடையில் யாரும் சொல்வதில்லை. நம் ஏட்டிலும் அச்சிடுவதில்லை.

கூடலூர் முதல் தேனி வரை பென்னிகுக் துரையின் படம் மாட்டியுள்ள வீடுகளையும் கடைகளையும் எண்ணிப் பாருங்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்த நன்றியை மாட்டும்படி எந்த ஆணையும் பிறக்கவில்லை. பிள்ளைக்கு அப்பெயரிட்டவரும் உளர். ஒருவர் செய்ததைக் கண்டு அடுத்தவர் செய்தார். நல்வழக்கமும் தொற்றிப் பரவும் என்பதற்கு நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

2011ஆம் ஆண்டுக் கணக்கில் நம் மாவட்டத்து எண் 891இலிருந்து ஏறக்குறைய 937ஆக உயர்ந்தது. இதற்குக் காரணம் ஒன்றன்று: சட்டமும் தொட்டிலும் பெண்கல்வியும் கிராமச் சுகாதார நர்சுகளின் இடைவிடா நடையும் சேர்ந்தே செய்திருக்கும். எஞ்சியுள்ள குறை சிறிது. ஆனால் அது வீட்டிற்குள்ளே இருக்கும் குறை, எளிதில் கண்ணிற்படாது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். நம் மாத ஏட்டில் ‘மகள் பிறந்தாள்’ என்ற ஒரு பத்தி திறக்கவேண்டும். அதற்கடுத்து, சீர் வாங்காமல் நடந்த விவாகங்களின் விவரம், இரு வீட்டாரின் சம்மதத்தோடு, வெளிவர வேண்டும். வாங்கினாரை ஏசி ஒரு வரியும் எழுத வேண்டாம்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரன்கள் பிறந்தபோது தெரு முழுதும் கற்கண்டு கொடுத்தவன் நான். பேத்தி பிறந்த அன்று கடைக்குப் போகவில்லை. ‘ஏன் தாத்தா எனக்கு மட்டும் கொடுக்கவில்லை?’ என்று, யார் வாய்க் கேட்டாளோ, சென்ற தீபாவளியன்று கேட்டாள். அவளுக்கு இப்பொழுது ஏழு வயது. அடுத்த இதழின் அப்பத்தியில் அவள் பெயரை முதலாவதாக இடுமாறு காரியதரிசியவர்களைக் கேட்டிருக்கிறேன். கற்கண்டு வாயிற்படியருகே தாம்பாளத்தில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.