அட்டை கேளாத காப்பு: மன்னார் முதியோரும் இலவச மருத்துவமும்

இலங்கையின் தலைமன்னாரையும் இந்தியாவின் தனுஷ்கோடியையும் பிரிக்கும் கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் அகலமே உடையது. எனினும், முதுமையில் நோயுற்றவரின் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்கு இரு கரைகளும் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிய காலம் முதல், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான காப்புறுதிக் கட்டுப்பணத்தை அரசே செலுத்தும் வழி பின்பற்றப்படுகிறது. இந்திய மத்திய அரசும் 2024 ஒக்டோபரில் தனது ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை, வருமானம் எதுவாயினும், 70 வயதை எட்டிய அனைவருக்கும் விரிவாக்கியது.

இலங்கை தேர்ந்தது வேறு வழி. அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டதிலிருந்து, நாட்டின் வரிப்பணமே பொதுக் காப்பு நிதியாக நின்று, நோயாளியிடம் அட்டையோ வருமானச் சான்றோ கேளாமல் சிகிச்சைச் செலவை ஏற்று வருகிறது. அரச ஊழியருக்கு அக்ரஹார என்னும் தனிக் காப்புறுதி உண்டு. ஆனால் மன்னார் மாவட்டத்தின் பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வாழ்நாள் முழுவதும் கடற்றொழில் செய்து ஓய்ந்தவருக்கோ, நானாட்டானில் வயல் செய்து முதிர்ந்தவருக்கோ அரசாங்க வைத்தியசாலையே முதன்மைக் காப்பு ஆகும்.

ஒரு நாட்டின் மருத்துவக் காப்பை மூன்று அளவைகளால் மதிப்பிடுவது உலக சுகாதார நிறுவனத்தின் வழக்கம்: காப்புக்குள் வருவோர் யார், கிடைக்கும் சேவைகள் எவை, செலவில் எவ்வளவு ஏற்கப்படுகிறது என்பனவே அவை. முதலாம் அளவையில் மன்னார் முதியவருக்கு எக்குறையும் இல்லை. அவரது இடர் ஏனைய இரண்டில்தான் உள்ளது. மன்னார் நகரிலுள்ள மாவட்டப் பொது வைத்தியசாலையைத் தாண்டிய சிகிச்சை வேண்டுமெனில், இருதய நோயாளி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும், புற்றுநோயாளி தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ செல்ல நேரிடுகிறது. சிகிச்சை இலவசமே ஆயினும், பயணச் செலவும், துணைக்குச் செல்லும் மகனோ மகளோ இழக்கும் நாட்கூலியும், வைத்தியசாலையில் இல்லாத மருந்தைப் பாமசியில் வாங்கும் பணமும் குடும்பத்தின் மீதே விழுகின்றன. இவற்றுள், மருந்து போன்றவற்றுக்காக நோயாளி தன் கையிலிருந்து நேரே கொடுக்கும் பணத்தை நேரடிச் செலவு என்பர். இலங்கையின் மொத்தச் சுகாதாரச் செலவில் மருந்து, பரிசோதனை முதலியவற்றுக்கான நேரடிச் செலவு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக இருப்பது, இலவச மருத்துவம் என்ற சொல்லின் எல்லையைக் காட்டுகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் பரவியபோது, இந்தச் சுமை மேலும் கனத்தது.

உதவிக்கு வழிகள் சில உள்ளன. 70 வயதைக் கடந்த குறைந்த வருமானமுடையோருக்கான முதியோர் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தால் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பாரிய சத்திரசிகிச்சைகளுக்கு ஜனாதிபதி நிதியம் வழங்கும் உதவிக்கு, 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய நோயாளர் காவுவண்டி அவசர வேளையில் கட்டணமின்றி உதவுகிறது. ஆனால், மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்ல வேண்டிய நீரிழிவு நோயாளியின் பயணம் அதன் பணிக்குள் அடங்காது.

இக்குறைகளைத் தீர்க்கப் புதிய காப்புறுதி ஒன்றே போதும் எனக் கருதுவது முழுமையான விடையாகாது. விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தரும் காப்புறுதி, உயர் குருதி அழுத்தத்துக்கு நாள்தோறும் உண்ண வேண்டிய மாத்திரைக்கு உதவாது. முதுமையின் நோய்களிலோ பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டுபவை. ஆகவே தலைமன்னார், பேசாலை, முருங்கன், சிலாவத்துறை ஆகிய ஊர்களின் வைத்தியசாலைகளில் நீண்டகால நோய்களுக்கான மருந்து ஒருபோதும் தீராதிருப்பதும், பரிசோதனைக்கான இரத்தம் அங்கேயே எடுக்கப்பட்டு மன்னாருக்கு அனுப்பப்படுவதும், விசேட வைத்தியர்கள் குறித்த நாட்களில் அவ்வூர்களுக்கே வருவதும், தொலைதூரச் சிகிச்சைக்கு அனுப்பப்படும் முதியவருக்கும் துணையாளுக்கும் பயணப்படி கிடைப்பதும் முதலில் உறுதியாக வேண்டும். 1951இல் இந்நாடு ஏற்ற பொறுப்பு உயர்ந்தது, காக்கத் தக்கது. அது கட்டணத்தை நீக்கியதோடு முடிந்துவிடாமல், தூரத்தையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் நீக்கும்போதுதான் மன்னார் முதியோருக்கு முழுமையான காப்பாக அமையும்.