சங்கத்துப் பணம் 3,000 ரூபாயும் கூகுள் விளம்பரமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், சத்துமாவு தயாரிக்கும் குழுவின் பிரதிநிதி பேசியது)



எங்க குழு சத்துமாவு அரைக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். கண்காட்சியில் ஸ்டால் போட்டால் விற்கும். மற்ற மாதங்களில் பாக்கெட் அப்படியே அடுக்கியிருக்கும். கூகுளில் விளம்பரம் கொடுத்துப் பார்ப்போம் என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு 3,000 ரூபாய் ஒதுக்கினோம். உள்கடனுக்குப் போக வேண்டிய காசு அது. யாரோ ஒருத்தி பிள்ளையோட ஸ்கூல் ஃபீஸ். அதனால கண்ணை மூடிக்கிட்டுச் செலவழிக்க முடியாது.

ஒருவர் கூகுளில் தேடும்போது நம்ம விளம்பரம் வரும். பார்த்தால் காசு இல்லை, விரலால் தொட்டால்தான் காசு. அதைத்தான் கிளிக் என்கிறார்கள். கிளிக்குக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. ஒவ்வொரு தேடலுக்கும் உள்ளே ஓர் ஏலம் நடக்கிறது. கூடக் கேட்டவருக்கே இடம் என்றும் இல்லை. தேடியதற்கும் விளம்பரத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். ஆகவே "எப்பவும் முதல் இடத்துல காட்டுறோம்"னு யாராவது பணம் கேட்டா கொடுத்துடாதீங்க.

காசு ஒழுகுற இடம் வார்த்தைதான். 'சத்துமாவு' என்று மட்டும் கொடுத்தால், செய்முறை தேடுபவர் தொடுவார், அங்கன்வாடி சத்துமாவைப் பற்றித் தேடுபவர் தொடுவார், அரவை மெஷின் தேடுபவரும் தொடுவார். யாரும் வாங்க வந்தவங்க இல்லை, காசு மட்டும் நம்முடையது. அதனால் 'செய்வது எப்படி', 'அங்கன்வாடி', 'மெஷின்', 'வேலை' என்று வந்தால் எங்கள் விளம்பரத்தைக் காட்ட வேண்டாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தோம். நெகட்டிவ் கீவேர்டு என்று பேர். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பவர்கள் நிறைய. அந்த எழுத்திலும் கொடுக்கணும். என்ன தேடி வந்து தொட்டார்கள் என்பதைக் கூகுளே ஓரளவுக்குக் காட்டும். தானியத்தில் கல் பொறுக்குற மாதிரி வாராவாரம் உட்கார்ந்து பொறுக்குறோம்.

ஊரையும் சுருக்கினோம். நாங்கள் டெலிவரி கொடுக்கக்கூடிய இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். அந்த ஊர்மேல் 'ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதையும் சேர்த்தே அங்கே போட்டிருக்கும், அதை மாற்றணும். நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. போன் எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரம் எதுக்கு?

கணக்கு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கணும். முன்பணமாக 3,000 கட்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி போக ஏறக்குறைய 2,542 ரூபாய்தான் விளம்பரத்துக்கு. ஒரு நாளைக்கு 80 என்று வைத்தால் சில நாள் 160 வரைக்கும் போகும். பதற வேண்டாம், மாதக் கணக்கில் 80-ஐ 30.4-ஆல் பெருக்கினால் வரும் தொகையைத் தாண்டாது.

இன்னொன்று, அக்கவுன்ட் குழுவின் பேரில், குழுவின் இமெயிலில் இருக்கணும். "என் பையன் பார்த்துக்குவான்" என்பது வேண்டாம். பையன் சொல்லிக் கொடுக்கட்டும், பாஸ்வேர்டு நம்ம கையில இருக்கட்டும்.

வர்ற ஒவ்வொரு போனுக்கும் "எங்களை எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டு நோட்டில் எழுதுகிறோம். கிளிக் எண்ணிக்கையைவிட அந்த நோட்டைத்தான் நான் நம்புவேன். கிளிக் 8 ரூபாய், இருபது கிளிக்குக்கு ஓர் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டருக்கு 160 ரூபாய் செலவு. கிலோவுக்கு 80 ரூபாய் நிற்கிற மாவை ஒரு கிலோ விற்றால் நஷ்டம்தான். அதே ஆள் மாதாமாதம் வாங்கினால் மூன்றாம் மாதம் கையில் நிற்க ஆரம்பிக்கும். அதனால்தான் பழைய வாடிக்கையாளருக்கு மாவு தீரும் நேரம் பார்த்து வாட்ஸ்அப் அனுப்புகிறோம், அதுக்குச் செலவே இல்லை.

செய்ய நினைக்கிற குழுக்கள் முதலில் கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதிவு பண்ணுங்க, அது இலவசம். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் கையில் இருக்கணும். புதன்கிழமை மதியம் நாங்கள் கணக்குப் பார்ப்போம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி வாங்க, செல்லிலேயே காட்டுறேன்.