பழுதுற்ற காமிராவை வாங்குமுன்



பாறையில் பொன் இருந்தால் மட்டும் போதாது. எடுக்கும் செலவு பொன்னின் விலையை விஞ்சலாகாது. கோலார் தங்கவயலில் வாழும் நமக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்ற நம் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டதற்கு இக்கணக்கும் ஒரு காரணமன்றோ? பழைய பிலிம் காமிராவைப் பழுதோடு வாங்க விழைவோரும் இக்கணக்கையே முதலில் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

எளிதில் தீரும் பழுதுகள் உண்டு. பின்மூடியின் ஓரத்துப் பஞ்சு மக்கி ஒளி கசிந்தால், புதிதாக ஒட்டிக்கொள்ளலாம். 1 விநாடி வேகத்தில் வைத்து அழுத்தும்போது ஷட்டர் தயங்கி நின்றால், பெரும்பாலும் பழைய எண்ணெய் இறுகியிருக்கும். கைதேர்ந்தவர் துடைத்துச் சீராக்குவார். ஒளிமானி செயலற்றுப் போயினும் கவலை இல்லை. வெயிலையும் நிழலையும் கண்ணால் மதிப்பிட்டே படம் எடுக்கலாம்.

தீராப் பழுதுகளும் உண்டு. டார்ச் விளக்கை லென்ஸின் பின்புறமிருந்து காட்டிப் பாருங்கள். சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்து கண்ணாடியையே அரித்திருந்தால், துடைத்தாலும் வடு மறையாது. மின்சுற்றால் இயங்கும் ஷட்டர் கெட்டுவிட்டால், மாற்று உறுப்புக் கிடைப்பது அரிது. ஆகவே, வில்லும் பற்சக்கரமும் கொண்டு இயங்கும் காமிராவே முதன்முறை வாங்குவோர்க்கு ஏற்றது. வடோதராவில் உருவான ஆக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய பெட்டி இன்றும் 120 பிலிமில் 12 படம் தரும்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்று: பின்மூடியை உடனே திறவாதீர்கள். 35 மி.மீ. காமிராவாயின், சுருட்டும் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்புங்கள். இறுக்கம் தென்பட்டால் உள்ளே பிலிம் இருக்கிறது. பெட்டிக் காமிராவாயின், பின்புறச் செந்நிறச் சாளரத்தில் எண் தெரிகிறதா எனக் காணுங்கள். இருந்தால், முழுவதும் சுற்றிய பின்னரே வெளியே எடுங்கள். சுற்ற இயலாவிடில் இருட்டறையில் திறப்பதே முறை.

மாரிக்குப்பத்திலோ சாம்பியன் ரீபிலோ ஒரு வீட்டில் பல்லாண்டு கிடந்த காமிரா அது. அந்தச் சுருளில் வேலை முடிந்து வெளிவந்த தந்தை இருக்கலாம். இன்று இல்லாத வீட்டு வாயில் இருக்கலாம். காமிராவின் விலையை நாம் கொடுத்துவிட்டோம்; அப்படங்களுக்கு விலை கொடுக்கவில்லை. அவை தெளிந்து வருமாயின், ஒரு படிவம் விற்றவர் வீட்டிற்குப் போய்ச் சேர்வதே நேர்மை.