தேங்காயை விற்கலாம், தோப்பை விற்கலாமா?

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது. இதழுக்காகச் சற்றுச் சுருக்கித் தந்திருக்கிறேன்.)



"இசையும் எதிர்காலமும்" என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். எனக்கு ஸ்வரம் தெரியாது. பற்று வரவு தெரியும். பி.காம். முடித்து, வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். அதனால் ஒரு பியானோ கலைஞரின் இளமைக் காலத்தைக் கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். சுண்டல் வந்துவிட்டால் சைகை காட்டுங்கள், முடித்துக்கொள்கிறேன்.

அவர் பெயர் ஹெர்பி ஹான்காக். 1940ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். முழுக்க மேற்கத்திய சாஸ்திரிய இசை. 1952ல், பதினோரு வயதில், சிகாகோ சிம்பொனி இசைக்குழுவுடன் மேடையேறி, மொஸார்ட் எழுதிய ஒரு கான்செர்ட்டோவின் முதல் பகுதியை வாசித்தார். நம் வீட்டுப் பிள்ளை இப்படி வாசித்தால், அதன் பாதை முடிவாகிவிட்டது என்றுதானே நினைப்போம்?

உயர்நிலைப் பள்ளியில் ஒரு சக மாணவர் பியானோவில் ஜாஸ் வாசிப்பதை ஹெர்பி கேட்டார். தன் வயதுப் பையன், தன்னுடைய வாத்தியத்தில், தனக்குத் தெரியாத ஒன்றைச் செய்கிறான்! எதிரே காகிதம் இல்லை. அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிக்கிறான். நமக்குப் புரியும்படி சொன்னால், கீர்த்தனையை மட்டும் பாடம் செய்த பிள்ளை, முதன்முறையாக ஒருவர் கல்பனா ஸ்வரம் பாடக் கேட்டது போல. ஜாஸிலும் ஒரு மெட்டு உண்டு, அதற்கான கட்டுக்கோப்பு உண்டு. அதற்குள் நின்றுகொண்டு மனோதர்மத்தைக் காட்ட வேண்டும்.

ஹெர்பி, ஜார்ஜ் ஷியரிங் என்ற ஜாஸ் பியானோ கலைஞரின் இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டு, கேட்டதைக் காகிதத்தில் எழுதி எழுதிப் பழகினார். முன்பு கற்ற சாஸ்திரிய இசை வீணாகிவிடவில்லை. விரல் பழக்கமும், குறியீடு எழுதும் பழக்கமும் அது கொடுத்தவைதான். பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை வண்டி மாறினால், அதுவரை வந்த தூரம் இல்லாமல் போய்விடாது.

கல்லூரியில் முதலில் பொறியியல் படித்தார், பிறகு இசைக்கு மாறினார். 1960ல் சிகாகோ திரும்பியதும் பகலில் தபால் இலாகா வேலை, இரவில் கிளப்களில் வாசிப்பு. அந்தக் குளிர்காலத்தில் டொனால்ட் பைர்ட் என்ற ட்ரம்பெட் கலைஞர் அவருடைய வாசிப்பைக் கேட்டு, நியூயார்க்குக்கு அழைத்தார். "எங்கள் வீட்டில் கேளுங்கள்" என்றார் ஹெர்பி. அவரும் பெற்றோரிடம் பேசி அனுமதி வாங்கி, கூட்டிக்கொண்டு போனார்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். 1962ல் ப்ளூ நோட் என்ற நிறுவனத்துக்கு ஹெர்பியின் முதல் இசைத்தட்டு தயாராக வேண்டும். அதற்காக, சிறு வயதில் தெருவில் தர்ப்பூசணி வண்டி வரும் சத்தத்தை நினைவில் வைத்து "வாட்டர்மெலன் மேன்" என்ற மெட்டை அமைத்தார். பைர்ட் ஒரு புத்தி சொன்னார்: "மெட்டின் பதிப்புரிமையை அவர்கள் கேட்பார்கள், கொடுக்காதே. அது என் சொந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடு."

அப்படியே கேட்டார்கள், அப்படியே சொன்னார். "அப்படியானால் பதிவு செய்ய முடியாது" என்றது எதிர்த் தரப்பு. இருபத்திரண்டு வயதுப் பையன், முதல் வாய்ப்பு! எழுந்து வெளியே போகத் தயாரானார். கடைசியில் நிறுவனம்தான் இறங்கி வந்தது.

இதில் என்ன கணக்கு என்கிறீர்களா? அந்த நாட்டு வழக்கப்படி, மெட்டுக்கு வரும் ராயல்டியில் பொதுவாகப் பாதி அதை அமைத்தவருக்கு, பாதி பதிப்புரிமையாளருக்கு. இரண்டாவது பாதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அது போனது போனதுதான். வாசித்ததற்குக் கிடைக்கும் கூலி தேங்காய். மெட்டின் உரிமை தோப்பு.

மறுவருடமே, 1963ல், மோங்கோ சான்டமரியா என்ற கியூபக் கலைஞர் அதே மெட்டை வாசித்து வெளியிட, அது அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. ஹெர்பி ஒரு கட்டையைக்கூடத் தொடாத பதிவு அது. ஆனால் பணம் வந்தது. அதே ஆண்டு மைல்ஸ் டேவிஸ் தம் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். பத்து வருடம் கழித்து 1973ல் அதே மெட்டைப் புது விதமாக வாசித்து "ஹெட் ஹன்டர்ஸ்" என்ற தொகுப்பில் சேர்த்தார். அந்தத் தொகுப்பு 10 லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரே தோப்பு, எத்தனை மகசூல் பாருங்கள்!

விட்டு வந்த சாஸ்திரிய இசையும் கைவிடவில்லை. 1998ல் வெளியான ஒரு தொகுப்பில், ராவெல் எழுதிய பியானோ கான்செர்ட்டோவின் ஒரு பகுதியை இசைக்குழுவோடு வாசித்திருக்கிறார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நம் வளாகத்தில் கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கீபோர்டில் சொந்தமாக மெட்டுப் போடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "இதில் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியோடு நிறுத்திவிடுகிறோம். ஹெர்பிக்குத் திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, வேளைச் சோற்றுக்குத் தபால் வேலையும் இருந்தது. அவற்றோடு, எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்ல மூத்தவர் ஒருவரும் இருந்தார். அந்த மூத்தவராக இருக்க நமக்கு சங்கீதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

நம் நாட்டிலும் 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதுபவருக்கும் இசையமைப்பவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று உறுதி செய்திருக்கிறார்கள். சட்டம் இருந்தாலும், காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரைக் காப்பாற்றுவது கஷ்டம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையிடம் யாராவது ஒப்பந்தம் நீட்டினால், அன்றே கையெழுத்து வேண்டாம். சனிக்கிழமை மாலைகளில் நான் நூலக அறையில்தான் இருப்பேன், கொண்டு வாருங்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் பொடி எழுத்தைப் படிப்பதுதான் என் வாழ்நாள் தொழில். சந்தேகப்படும் வரிகளைப் பென்சிலால் கோடிட்டுத் தருகிறேன்; அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போகலாம். என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆடிட்டர், தாசில்தார் எல்லாம் இங்கே உண்டு. அவர்களும் வந்தால் நல்லது.

சுண்டல் வந்துவிட்டது.