ஊருக்கு வரும் எக்ஸ்ரே பெட்டி: முகாமில் நமக்கு என்ன வேலை?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



காசநோய் முகாம்களுக்கு இப்போது எக்ஸ்ரே கருவியையே ஊருக்குக் கொண்டு வருகிறார்கள். பெரிய கேமரா மாதிரி இருக்கும், தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். ஆனால் நம் பெண்கள்தான் வரத் தயங்குறாங்க. "இருமலே இல்லை, எனக்கு எதுக்கு?" என்கிறார்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில், காசநோய் உறுதியானவர்களில் 100க்கு 42 பேருக்கு மேல் எக்ஸ்ரேயால்தான் தெரிய வந்தார்கள். அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் அத்தனை பேரும் விட்டுப்போயிருப்பார்கள்.

அடுத்த பயம் கதிர். பெட்டிக்குள் கதிரை அடைத்து வைத்திருக்கவில்லை. பட்டனை அழுத்தும்போது பேட்டரி மின்சாரம் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, உள்ளே இருக்கும் ட்யூபில் கதிர் உண்டாகிறது. டார்ச் லைட்டை அணைத்த மாதிரி, உடனே நின்றும் விடுகிறது. உடம்பில் தங்காது. ஒரு நெஞ்சுப் படத்துக்குப் படும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் பத்து நாளில் நம்மேல் தானாகப் படுகிற அளவைத் தாண்டாது.

ஆனால் நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்பவர் கணக்கு வேறு. "அக்கா, இந்தப் பிளேட்டைக் கொஞ்சம் பிடிங்க" என்று யார் கேட்டாலும் பிடிக்காதீங்க, ஸ்டாண்டு கேளுங்க. பட்டனை பயிற்சி பெற்ற டெக்னீஷியன் மட்டுமே தொடணும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகும், அதனால் வரிசையை வெளியே தள்ளி நிறுத்துங்க. கருவி பார்க்கும் திசையில் கனமான சுவர் இருக்கணும், தட்டி மறைப்பு போதாது.

1895-இல் ராண்ட்ஜன் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தபோது எலும்போடு மோதிரமும் கறுப்பாக விழுந்தது. சங்கிலி, ஊக்கு, முன்னால் போட்ட சடை எல்லாம் அப்படித்தான் நுரையீரலை மறைக்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர் முன்னாடியே சொல்லட்டும், மேலே ஏற்றிவிட்டு எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். சேலை மறைப்புக் கட்டி, பக்கத்து அறையில் ஒரு பெண் உதவிக்கு இருப்பது நம் குழுவின் பொறுப்பு. கர்ப்பமாக இருப்பவர், நாள் தள்ளிப்போனவர் படம் எடுப்பதற்கு முன்பே காதோடு சொல்லிவிடணும். எடுக்கலாமா, சளிப் பரிசோதனை மட்டும் போதுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

கருவியை வைத்திருக்கும் இடமும் நாம் கொடுப்பதுதானே. முதல் நாள் ராத்திரியே சார்ஜ் போட, கரண்ட் உள்ள பிளக் இருக்கா பாருங்க. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடக்கூடாது. தொடர்ந்து எடுத்தால் ட்யூப் சூடாகும், டெக்னீஷியன் நிறுத்தினால் அவசரப்படுத்தாதீங்க. கீழே விழுந்துவிட்டால், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் இன்ஜினியர் பார்க்காமல் எடுக்க விடாதீங்க. ஈய அங்கியை புடவை மாதிரி மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும். அதைத் தொங்கவிட ஒரு தடிமனான கம்பி வேணும், முகாமுக்கு முன்பே சமுதாயக் கூடத்தில் அடித்து வைத்துவிடுங்க.